கருந்தேள் தோற்க வேண்டிய ஆட்டம்

மாமா யாருடைய கையைப் பிடித்தாலும் ஒருமுறை மெல்ல அழுத்துவார். அழுத்திவிட்டுக் காத்திருப்பார். பதிலுக்கு நாமும் ஒருமுறை அழுத்தினால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். சாலையைக் கடக்கும்போதும் இதுதான், பல் பிடுங்கப் போன இடத்திலும் இதுதான். சின்ன வயதில் நான் வேண்டுமென்றே பதில் கொடுக்காமல் இருந்து பார்ப்பேன். நடுரோடாக இருந்தாலும் நின்றுவிடுவார். அந்தப் பெரிய உடம்பை மடக்கிக் குனிந்து, என் முகத்தைப் பார்த்து, "பாப்பா, நல்லாத்தானே இருக்க?" என்பார். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

பெரியவர்களிடமும் அப்படித்தான். கடைக்கு வந்த ஒருவர், கை குலுக்கியபோது மாமா அழுத்திவிட்டுக் காத்திருந்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டு, பேசி முடித்த இரட்டை மெத்தையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவிடம் கேட்டால், "உங்க மாமா தலையில நிறைய அடி வாங்கினவரு, விடு" என்பாள். நானும் விட்டுவிட்டேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலையும் வரைக்கும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் மெத்தைக் கடைக்காரர். பின்னறையில் பஞ்சு அடைப்பார்கள். முன்பக்கம் நீள மேசை, அதில் அத்தையின் தையல் மெஷின், சுவரோரம் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கிய மெத்தைகள். விற்கும் முன் மாமாவே மெத்தையின்மேல் விழுந்து காட்டுவார். உட்கார்ந்து சாய்கிற வேலையே கிடையாது. நின்றவாக்கில், கைகளை விரித்து, முதுகு அடியாகத் தடாலென்று விழுவார். கண்ணாடி அலமாரி கிடுகிடுக்கும். வாங்க வந்தவர்கள் அலறுவார்கள். படுத்த இடத்திலிருந்தே, "தைரியமா வாங்கிட்டுப் போங்க. நான் இத்தனை நாள் வெறும் பலகையில விழுந்தவன்" என்பார்.

அது பொய் இல்லை. மெத்தைக்கு முன்னால் அவர் மல்யுத்த மேடையில் வில்லன். அந்தக் காலத்தில் உள்விளையாட்டு அரங்கத்தில் வாராவாரம் காட்சி நடக்கும். யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் கம்பெனி முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆனால் அது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தவர்களும் தெரியாததுபோல் கத்துவார்கள். மாமாவுக்குக் கறுப்புப் போர்வை, முறுக்கிய ஒட்டு மீசை, "கருந்தேள்" என்று பெயர். அவர் எதிரில் நிற்கும் நல்லவனுக்கு "விடிவெள்ளி" என்று பெயர். விடிவெள்ளிக்குப் பகலில் பேக்கரி வேலை. இருள் பிரியும் முன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவர். அந்தப் பெயருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று மாமா சொல்வார்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ஓர் ஆட்டம்தான். சாம்பியனுக்குக் கொடுக்கும் பெரிய பெல்ட்டுக்கான ஆட்டம். விடிவெள்ளி ஜெயிக்க வேண்டியது. நடுவில் கருந்தேள் அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். விடிவெள்ளி துவண்டு போனார். கருந்தேள் அவரைப் புரட்டி, மேலே ஏறிப் படுத்து, காதைக் கடித்தார். நடுவர் மூன்று எண்ணினார். பெல்ட் மாமா கைக்கு வந்தது. நாற்காலிகள் பறந்தன. கைக்குட்டையில் மயக்கமருந்து தடவி மூக்கில் வைத்தார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். முதலாளி மாமாவை இனி மேடை ஏறக் கூடாது என்று துரத்தினார். நடுவர் அந்த மாதமே வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். கொஞ்ச நாளில் கம்பெனியும் படுத்துவிட்டது. மாமாவுக்கு "மயக்கமருந்து" என்ற பெயர் மட்டும் மிச்சம். நான் பள்ளிக்கூடத்தில் "மயக்கமருந்தோட மருமக". பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், டீச்சருக்கு எதை முகரக் கொடுத்தாய் என்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். காட்சித் தொடர்பியல் என்று ஒரு படிப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுத்துக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். "இதுக்கா மூணு வருஷம் படிச்ச? கல்யாண வீடியோக்காரன் படிக்காமயே எடுக்கிறானே" என்று அம்மா கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். நான் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

அப்போதுதான் அரங்கத்தைப் புதுப்பித்து மறுபடி திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அரங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் ஊதுகிற மாதிரியே பேசுவார். திறப்பு விழாவில் போட ஓர் ஆவணப்படம் வேண்டும், அதுவும் கருந்தேளைப் பற்றித்தான் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அவர் பேரைச் சொன்னாத்தாம்மா இன்னும் கூட்டம் வருது. நீ அவர் மருமகளாமே? கதவைத் திறப்பார்."

"சரி சார். சுவத்துல பழைய வீரர்கள் போட்டோ எல்லாம் மாட்டப் போறீங்களாமே, அதுல மாமா எந்த இடத்துல?"

அவர் தொண்டையைச் செருமினார். "படத்துல அவர்தான் வேணும். சுவத்துல அவர் வேண்டாம். ஏமாத்தி ஜெயிச்சவரை மாட்டக் கூடாதுன்னு சிலர் சொல்றாங்க."

மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "சுவத்துல தொங்குறது பல்லியோட வேலை. நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒலிப்பதிவுக்கு என்னோடு வந்தவனை நாங்கள் "காது" என்று கூப்பிடுவோம். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தாலும் எத்தனையாவது என்று சொல்லுவான். முதல் நாள் மெத்தைக் கடையில் விளக்கு வைக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தோம். ஓரத்து அடுக்கை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து ஒரு மரச்சட்டம் எட்டிப் பார்த்தது. கண்ணாடி போட்டு, பாலிஷ் பண்ணி, பழந்துணியில் சுற்றியிருந்தது. உள்ளே படம் இல்லை. அரங்கத்துச் சுவருக்குச் சட்டம் செய்யும் தச்சரின் பெயர் பின்னால் இருந்தது, அளவும் அதேதான்.

"இது என்ன மாமா?"

"அதுவா… உங்க அத்தை போட்டோவுக்கு."

பின்னறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான் இன்னும் சாகல!"

மாமா சட்டத்தை வாங்கி மறுபடி துணியில் சுற்றினார். கண்ணாடியில் என் கைரேகை பட்டிருந்தது. அதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத்தான் சுற்றினார். சுவரைப் பற்றி அவர் சொன்ன பல்லிக் கதையை நான் அதற்குப் பிறகு நம்பவில்லை.

கேமராவை ஓடவிட்டேன். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க மாமா."

"பிறந்தேன். விழுந்தேன். எழுந்தேன். மெத்தை தைச்சேன். முடிஞ்சது, டீ குடிக்கலாம்."

"சார், கொஞ்சம் விரிவா…" என்றான் காது.

"விரிவா வேணும்னா பெரிய சைஸ் இருக்கு தம்பி. எடுத்துப் போடவா?"

மெல்ல மெல்லத்தான் பேசினார். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "நல்லவனா வர்றவனுக்கு என்ன வேலை? சிரிச்சுக்கிட்டுக் கையாட்டினா போதும். கெட்டவனுக்குத்தான் பாடு. கடைசி வரிசையில இருக்கிற டீச்சரம்மாகூட செருப்பைக் கழட்டணும். அவங்க செருப்பு என்மேல விழுந்த அன்னைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும்." மேடைப் பலகைக்கு அடியில் ஒரு மைக் கட்டியிருப்பார்களாம். அதனால்தான் ஒருவர் விழுந்தால் கட்டடமே இடிந்த மாதிரி கேட்கும். "பாதிச் சத்தம் என் முதுகோடது. மீதி மைக்கோடது."

பிறகு ஒரு பிடியைக் காட்டினார். காதைத் தரையில் உட்காரவைத்து, தான் பின்னால் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றி முழங்கையை மடக்கிக்கொண்டார். காதின் முகம் வெளிறியது.

"பயப்படாதே, வலிக்குதா?"

"இல்ல சார்… ஆச்சரியமா இருக்கு, வலிக்கவே இல்ல."

"வலிக்காது. இது இளைப்பாறுற பிடி. ஆட்டத்துக்கு நடுவுல மூச்சு வாங்கணுமே. வெளியில பார்த்தா உயிர் போற மாதிரி இருக்கும். உள்ளே ரெண்டு பேரும் ஓய்வெடுத்துக்கிட்டு, அடுத்து என்ன பண்ணலாம்னு காதுல பேசிக்குவோம். ஆனா ஒண்ணு, பிடிச்சிருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் முகம் தெரியாது. அதனால கையை ஒரு தடவை அழுத்துவேன். அவன் திருப்பி அழுத்தினா நல்லா இருக்கான்னு அர்த்தம். பதில் வரலேன்னா எல்லாத்தையும் நிறுத்திடணும். கூட்டமாவது பெல்ட்டாவது."

கேமராவுக்குப் பின்னால் நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப, அந்த ஆட்டத்துல?" என்று கேட்டேன்.

மாமா காதின் கழுத்தை விட்டுவிட்டு எழுந்தார். "அன்னைக்குக் கொஞ்சம் அதிகமா அழுத்திட்டேன். அவ்வளவுதான், போட்டுக்கோ."

அந்த ஆட்டத்தின் வீடியோ கேசட் அரங்கத்துக் கிடங்கில் கிடந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து காது அதைச் சுத்தம் செய்தான். பிடி போட்டிருக்கும் இடத்தில், கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில், ஏதோ ஒரு சத்தம். மர நாற்காலியை யாரோ இழுப்பதுபோல் வந்து, நின்று, மறுபடி இழுத்தது. எவ்வளவு முயன்றும் அது என்னவென்று அவனால் சொல்ல முடியவில்லை. சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். மாமாவிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். ஹெட்போனைக் காதில் வைத்தவர் சட்டென்று கழற்றிவிட்டார்.

"பழைய டேப்பு. எலி கடிச்சிருக்கும்."

"எலி கடிச்சா இருக்கிற சத்தம் போகும் சார். புதுசா வராது."

"கெட்டிக்கார எலியா இருக்கும்."

அடுத்து விடிவெள்ளியைப் பார்க்கப் போனோம். இன்று அந்த பேக்கரி அவருடைய சொந்தக் கடை. எங்கள் வீட்டுக்கு ரொட்டி எப்போதும் அங்கிருந்துதான் வரும். அம்மா போய் வாங்குவாள். மாமா அந்தத் தெருப்பக்கமே போக மாட்டார், ஆனால் வேறு ரொட்டியும் தொட மாட்டார். ஓரம் கருகியிருந்தால் மட்டும், "இன்னைக்கும் அசந்துட்டான்" என்று முனகிவிட்டுக் கருகலைச் சுரண்டித் தின்பார். நான் அதையும் அவருடைய பல கிறுக்குகளில் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன்.

விடிவெள்ளிக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. தோள்கள் மட்டும் பழைய தோள்கள். மாவு மேசைக்குப் பக்கத்தில், அடுப்புச் சூட்டில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ அவன் மருமகதானே? மூக்கு காட்டிக்கொடுக்குது. நல்லா கேட்டுக்கோ. அவன் போட்டோ அந்தச் சுவத்துல ஏறினா, என் போட்டோ இறங்கும். செயலாளர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன்."

சிலர் சொல்கிறார்கள் என்று செயலாளர் சொன்ன அந்தச் சிலர் இவர் ஒருவர்தான் என்று அப்போது புரிந்தது.

"மருந்தெல்லாம் சும்மா கதை" என்றார் அவர். "மருந்து வாசனை எதுவும் இல்ல. கழுத்தை நெரிச்சான். பெல்ட்டு மேல ஆசை. அப்புறம் வந்து, கொஞ்சம் அதிகமா அழுத்திட்டேன்னு அவனே சொன்னான். அதுக்கப்புறம் நான் பேசல. எனக்குத் தோத்தது பெருசில்லம்மா. ஊர் ஊரா அவனோட போய் விழுந்து எழுந்திருக்கேன். என் கழுத்தை அவன்கிட்ட கொடுத்துட்டேன்னா வீட்டுல இருக்கிற மாதிரி. அவ்வளவு நிம்மதி. அப்படி நம்பின ஒருத்தனை… ஒருத்தனை…"

நாங்கள் காத்திருந்தோம். கண்ணீர் வரப்போகிறது என்று நினைத்து நான் கேமராவை மெல்ல நெருக்கினேன். அவருடைய மோவாய் மார்பில் இறங்கியது. மர நாற்காலியை யாரோ இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்து, நின்று, மறுபடி இழுத்தது.

காது என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே ஓடினான்.

கல்லாவிலிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஓடிட்டாரா தூக்கத்துக்கு? ரெண்டு நிமிஷம் பொறும்மா, தானா எழுந்துடுவார். உட்கார்ந்து சூடு பட்டாப் போதும், இவருக்கு வேற தாலாட்டு வேண்டாம்" என்றார்.

நேராக மெத்தைக் கடைக்குப் போனேன். மாமா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "மாமா, அவர் தூங்கிட்டாரா?" என்றேன். எந்த நாளைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"குழந்தை மாதிரி தூங்கிட்டான் பாப்பா."

அன்றைக்கு பேக்கரியில் பெரிய ஆர்டராம். முந்தின இரவும் விடிவெள்ளி கண் மூடவில்லை. இளைப்பாறுகிற பிடியில் வாகாகச் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மாமா கையை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார். பிடியைத் தளர்த்திக் குனிந்தபோதுதான் குறட்டை கேட்டது.

"என்ன பண்ணுவேன் சொல்லு? நான் கையை எடுத்தா, அரங்கம் நிறைஞ்ச கூட்டத்துக்கு முன்னால விடிவெள்ளி கால்நீட்டிப் படுத்துத் தூங்குறது தெரியும். அதனால அவனை மறைக்கணும்னு மேலே விழுந்தேன். கிள்ளினேன். காதைக் கடிச்சேன். அசையல. ரெண்டு தோளும் தரையில பட்டா நடுவர் மூணு எண்ணியே ஆகணும், அதுக்குள்ள ஒரு தோளாவது எழும்பலேன்னா தோல்வி, அதுதான் விதி. அவரும் பாவம், ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு டீ குடிச்சிருக்கலாம், அவ்வளவு மெதுவா எண்ணினார். இவன் எழுந்தாத்தானே? ஜெயிச்சிட்டேன். என் வாழ்க்கையிலயே நான் அவ்வளவு பயந்துக்கிட்டு ஜெயிச்சதில்ல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே! உங்க போட்டோவையும் மாட்ட ஒத்துக்கிட்டிருப்பாங்களே!"

"சொல்லி? அவனைப் பார்க்கிறவன் எல்லாம் கொட்டாவி விடுவான். ஊர் என்னைத் திட்டினா அது என் தொழிலுக்கு நல்லது. அவனைப் பார்த்துச் சிரிச்சா அவன் தொழில் முடிஞ்சது. அப்ப அவனுக்கு அதை விட்டா ஒண்ணும் கிடையாது. என்னை நம்பிக் கண்ணை மூடினவன் பாப்பா அவன்." பிறகு, நான் எதிர்பார்த்ததையே கேட்டார். "அந்தச் சத்தத்தை எடுத்துடு."

நான் அன்று முழுக்க என்னோடு சண்டை போட்டேன். உண்மையைச் சொல்வதுதான் ஆவணப்படம் என்று பாடம் எடுத்திருந்தார்கள். யாருடைய உண்மையை, யார் அனுமதியோடு என்பது பரீட்சைக்கு வரவில்லை. துணியில் சுற்றிய அந்தச் சட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாமாவுக்காகத்தான் இதைச் சொல்ல நினைக்கிறேனா, நல்ல படம் எடுத்தவள் என்று பெயர் வாங்கவா என்று கேட்டுக்கொண்டேன். நேர்மையான பதில் கிடைக்காததால் காதிடம் சத்தத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கிடைத்த புதையலைத் திரும்பப் புதைக்கச் சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் எடுத்தான். அந்த இடத்தில் கூட்டத்தின் இரைச்சலைப் போட்டு நிரப்பினான்.

தன்னைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று முன்னால் பார்க்க வேண்டும் என விடிவெள்ளி சொல்லியிருந்தார். மடிக்கணினியை மாவு மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். பிடி வந்தது. விடிவெள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு, "பாரு, எப்படி நெரிக்கிறான் பாரு" என்றார். அவர் மனைவி ரொட்டி வெட்டும் கத்தியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தும்மா. கொஞ்சம் பின்னாடி போ."

பின்னால் போனேன்.

"அவரை விடு. எல்லாரும் அவரையேதான் பார்க்கிறீங்க. இவர் இடது கையைப் பாரு."

பார்த்தோம். கழுத்து நெரிபடுகிற மனிதரின் இடது கை, ஓர் அவசரமும் இல்லாமல் மேலே வந்து, கன்னத்துக்கு அடியில் தலையணைபோல் மடங்கிக்கொண்டது. வலது கையை மாமாவின் விரல்கள் அழுத்தின, விட்டன, மறுபடி அழுத்தின.

"இத்தனை வருஷமா பக்கத்துல படுக்கிறவ நான்" என்றார் அந்த அம்மாள். "இது கழுத்து நெரிபட்டவர் கையா? இது என் புருஷன் தூங்குற கை."

"போடி" என்றார் விடிவெள்ளி. பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றார். நான் போட்டேன். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் இப்போது என்ன வைப்பது என்று தெரியாத தவிப்பு. அன்று கடிபட்ட தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாவு அப்பிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இறங்கித் தெருவில் நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மெத்தைக் கடை வாசலில் அவரைப் பார்த்ததும் மாமா என்னைத்தான் முதலில் முறைத்தார். "நான் சத்தத்தை எடுத்துட்டேன் மாமா, சத்தியமா!" என்று கத்தினேன்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?" என்றார் விடிவெள்ளி.

"நீ என்ன கேட்ட? ஏண்டா கழுத்தை நெரிச்சன்னு கேட்ட. தூங்கினேனான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தூங்கினவனுக்கு எப்படிடா அது தெரியும்? எழுப்பித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

"காதைக் கடிச்சேனே! 'அந்தத் தட்டை வெளியே எடு, கருகப்போகுது'ன்னு சொல்லிட்டுப் புரண்டு படுக்கப் பார்த்த."

அத்தை தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விடிவெள்ளி கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் கிடந்த மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, மாவும் மீசையும் அதிர அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் மாமா அலமாரி மேலிருந்து பழைய பெல்ட்டை இறக்கி அவர் மடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ. உன்னோடதுதான்."

விடிவெள்ளி அதைத் தள்ளினார். "தகரம் யாருக்கு வேணும்? அன்னைக்கு நீ எனக்குத் தோத்திருக்கணும். அதைக் கொடு. தூக்கிக் கொடுத்தா வாங்கிக்க மாட்டேன். ஜெயிச்சு வாங்கணும். நீ எனக்கு ஒரு தோல்வி பாக்கி."

"எப்ப வேணும்?"

"திறப்பு விழாவுல. ஊர் பார்க்கணும்."

"சரி, தோத்துட்டாப் போச்சு" என்றார் மாமா. கை கொடுத்துக்கொண்டார்கள். மாமா ஒருமுறை அழுத்தினார். விடிவெள்ளி திருப்பி அழுத்தினார். "இப்ப முழிச்சிருக்கேன்" என்றார்.

சத்தத்தைத் திரும்பப் போடச் சொன்னதும் விடிவெள்ளிதான். "போடு. என் குறட்டை, நான் சொல்றேன்." காது அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தான்.

திறப்பு விழா அன்று சுவரில் மாமாவின் படமும் இருந்தது. அந்தச் சட்டத்தில், போர்வையும் ஒட்டு மீசையுமாக, விடிவெள்ளிக்குப் பக்கத்திலேயே. செயலாளரே ஆணி அடித்து மாட்டினார். மாமா அந்தச் சுவர்ப்பக்கம் போகவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி மூன்று நான்கு முறை அந்த வழியாக நடந்தார், அவ்வளவுதான். படம் ஓடியது. குறட்டை வந்த இடத்தில் அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. விடிவெள்ளி எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார்.

பிறகு விளக்குகள் மேடைக்குத் திரும்பின. மாமா தன் கடையிலேயே நல்ல தடிமனான மெத்தையாகப் பார்த்து எடுத்து வந்து விரித்திருந்தார். ஏற்பாடு எளிது. இரண்டு சுற்றுச் சுற்றிவர வேண்டும், மாமா விழ வேண்டும், விடிவெள்ளி மேலே சாய வேண்டும், செயலாளர் மூன்று எண்ண வேண்டும். மாமா அசையாமல் கிடந்தால் போதும்.

கறுப்புப் போர்வையோடு அவர் படியேறியதும் எங்கிருந்தோ ஒரு குரல், "மயக்கமருந்து!" என்று கத்தியது. அடுத்த நொடி எல்லாரும் கத்தினார்கள். மாமா நின்றார். மீசையை முறுக்கினார். கடைசி வரிசையைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்து மெதுவாக உதறினார். ஊளையும் உறுமலுமாகக் கூட்டம் எழுந்தது. ஓர் அம்மாள் நிஜமாகவே செருப்பைக் கழற்றி வீசினார். நான் மேடையோரம் கேமராவோடு நின்றேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் படம் பிடித்ததில்லை.

விடிவெள்ளி தள்ளினார். மாமா தடாலென்று முதுகடியாக விழுந்தார். விடிவெள்ளி மூச்சு வாங்க அவர்மேல் சாய்ந்தார். நான் அவர்கள் கைகளை மட்டும் நெருக்கிப் பிடித்தேன். ஓர் அழுத்தல். பதிலுக்கு ஓர் அழுத்தல்.

"ஒண்ணு!" என்று செயலாளர் மெத்தையை அறைந்தார்.

"ரெண்டு!"

மாமாவின் இடது தோள் மெத்தையை விட்டு எழுந்தது.

"அடப்பாவி!" என்று விடிவெள்ளி கத்தியது பலகைக்கு அடியிலிருந்த மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது. மாமா புரண்டு, கயிற்றுக்கு அடியில் நழுவி, போர்வையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார். விடிவெள்ளி முட்டியைப் பிடித்துக்கொண்டே துரத்தினார். "ஏமாத்துக்காரா! நில்லுடா!" கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மாமாவைப் பிடித்தேன். மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"ஏன் மாமா? தோத்துடறேன்னு சொன்னீங்களே!"

"தோக்கத்தான் படுத்தேன் பாப்பா. ஆனா கேட்டியா, எப்படித் திட்டினாங்கன்னு?" மூச்சு வாங்கியபடி சிரித்தார். "தோத்துட்டா எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்களே."

அதற்குப் பிறகு இரண்டு முறை நாள் குறித்தார்கள். ஒருமுறை மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொருமுறை சரியாக அன்றைக்குப் பார்த்து அவசர மெத்தை ஆர்டர் வந்ததாகச் சொன்னார். அத்தையைக் கேட்டால் அப்படி எந்த ஆர்டரும் இல்லை என்கிறாள். போன வருடம் மாமாவும் அத்தையும் கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெல்ட்டை மாமா எங்கள் வீட்டு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். "இது என்னோடதில்ல, பத்திரம்" என்று சொன்னார்.

நான் ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் விடிவெள்ளி கல்லாவுக்கு அப்பால் ஒரு கண்ணைத் திறந்து கேட்கிறார்.

"என்னம்மா, உங்க மாமா எப்ப வந்து தோத்துட்டுப் போறாராம்?"

"அடுத்த மாசம் வரேன்னு சொல்லச் சொன்னார்."

"போன மாசமும் இதைத்தானே சொன்னான்" என்கிறார் அவர்.